மாட்டுக்குப் போடும் பருவ ஊசியைப் பன்றிக்கும் போடலாமா?

குட்டிகளைப் பிரித்துப் பத்து நாளாகியும் தாய்ப்பன்றி பருவத்துக்கு வரவில்லை, மாட்டுக்குப் போடும் புரோஸ்டாகிளாண்டின் ஊசியைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். நான் கால்நடை மருத்துவர். மாடு பார்த்துப் பழகிய கையோடு, ஆரம்பத்தில் ஒரு பண்ணையில் இதையே போட்டுவிட்டு நாலு நாள் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

முட்டை வெளியான இடத்தில், சினைப்பையில் கார்பஸ் லூட்டியம் என்ற சிறு திரள் உருவாகி, அடுத்த பருவத்தைத் தடுக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கும். அது கரையாமல் அடுத்த பருவம் வராது. அதைக் கரைப்பதுதான் ஊசியின் வேலை. பசுவின் திரள் பருவம் முடிந்து ஐந்தாறு நாளிலேயே ஊசி போட்டால் கரைந்துவிடும். பன்றியின் திரளோ சுமார் 12 நாள் வரை அந்த ஊசிக்கு மசியாது. அதற்கப்புறம் 15ஆம் நாள் வாக்கில் தானாகவே கரையத் தொடங்கிவிடும்.

உங்கள் பன்றி இரண்டில் ஒரு நிலையில் இருக்கலாம். இன்னும் பருவமே வரவில்லை என்றால், சினைப்பையில் கரைக்க எதுவும் இல்லை. வந்து, கவனிக்காமல் போயிருந்தால், திரள் இப்போதுதான் உருவாகியிருக்கும். ஊசி அதைத் தொடாது.

பன்றியில் உண்மையான சாவி குட்டிகளிடம் இருக்கிறது. அவை பால் குடிக்கும்வரை முட்டைகளை வளரத் தூண்டும் எல்எச் ஹார்மோனைத் தாயின் மூளை அடக்கியே வைக்கும், முட்டைகள் வளராது. குட்டிகளைப் பிரித்ததும் அந்தத் தடை விலகும். எல்எச் விட்டுவிட்டுச் சுரக்க, முட்டைகள் வளர்ந்து, பருவத்தைக் கொண்டுவரும் ஈஸ்ட்ரஜன் ஹார்மோன் ஏறி, பெரும்பாலும் 4 முதல் 7 நாளில் பருவம் வந்துவிடும். பெரிய பண்ணைகளில் பல தாய்களின் குட்டிகளை ஒரே நாளில் பிரிப்பது இதனால்தான். ஊசியே இல்லாமல் ஒரே வாரத்தில் எல்லாம் பருவத்துக்கு வருவதைப் பார்க்க எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும்.

சரி, வராவிட்டால்? முதலில் முதுகைத் தடவிப் பாருங்கள். இடுப்பெலும்பு கையில் தட்டினால், பால் கொடுத்த நாட்களில் தீனி போதவில்லை. இளைத்த உடலில் இன்சுலின் குறையும், எல்எச்சும் தளரும். முதல் ஈற்றுப் பன்றிகளில் இதை அதிகம் பார்க்கிறேன். தீனியைக் கூட்டுங்கள். தினமும் இரு வேளை வளர்ந்த ஆண் பன்றியை மூக்கோடு மூக்கு உரசும்படி கொண்டுவாருங்கள். அதன் எச்சில் நுரையிலுள்ள ஆண்ட்ரோஸ்டெனோன் வாசனைக்குத் தனி சக்தி உண்டு. அப்போதே தாய்ப்பன்றியின் முதுகை அழுத்துங்கள். அசையாமல் நின்றால் பருவம்தான். முன்பு தவறவிட்டிருந்தாலும், பிரித்த நாளிலிருந்து 25 முதல் 28 நாளுக்குள் மறுபடி வரும்.

மக்காச்சோளத்தையும் முகர்ந்து பாருங்கள். பூஞ்சை பிடித்த சோளத்தில் உண்டாகும் ஜியாரலெனோன் நச்சு, உடலில் ஈஸ்ட்ரஜன் போலவே வேலை செய்து சுழற்சியைக் குலைத்துவிடும்.

ஆண் பன்றியோடு திரிந்த பன்றி என்றால் அந்த ஊசி ஆபத்தும்கூட. பன்றியின் 114 நாள் சினை முழுக்க அந்தத் திரளை நம்பியே நிற்கிறது. சினை தெரியாமல் போட்டால் கலைந்துவிடும். மருந்து தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். வீட்டில் கர்ப்பிணியோ ஆஸ்துமா உள்ளவரோ இருந்தால் குப்பியைத் தொடவே விடாதீர்கள்.