வருபவர் கையில் ஒரு வேலை கொடுங்கள்

அன்புள்ள தம்பி,

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, வீட்டுக்கு ஆட்களை அழைத்தால் நம் ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், உள்ளூர்த் தமிழர்கள் ஒரு பக்கம், ஆபீஸிலுள்ள சூலு இன ஆப்பிரிக்க நண்பர்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், இவர்களைக் கலந்து பழக வைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். செப்டம்பர் 24, பாரம்பரிய தின விடுமுறையில் எல்லாரையும் மறுபடி அழைத்து பிராய் (வெளியே நெருப்பு மூட்டிக் கறி சுடும் விருந்து) போடலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று சொல்கிறேன். நீங்களும் உங்கள் மனைவியும் எல்லாவற்றையும் சமைத்து முடித்து, வந்தவர்களை சோபாவில் உட்கார வைத்து, தட்டைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். நம் ஊரில் அதுதான் மரியாதை. ஆனால் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பவர், தனக்கு ஏற்கெனவே தெரிந்தவரோடுதான் பேசுவார். வேறு யாரிடம், எதைப் பற்றிப் பேசுவார்?

இங்கே இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு கல்யாண வீட்டுக்கு முதல் நாள் சாயங்காலமே போய்ப் பாருங்கள். முற்றத்தில் கூடாரம் போட்டிருக்கும். பெண்கள் ஆளுக்கொரு கத்தியோடு உட்கார்ந்து வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட் என்று மலைபோல் நறுக்குவார்கள். ஆண்கள் வெளியே விறகடுப்பில் பெரிய பானை ஏற்றுவார்கள். சொந்தக்காரர் மட்டுமல்ல, எதிர்வீட்டு முஸ்லிம் ஆண்ட்டியும் அங்கேதான் இருப்பார். மறுநாள் பட்டுப்புடவையில் யாரும் யாரிடமும் அவ்வளவு பேசுவதில்லை, பழக்கமெல்லாம் முந்தின ராத்திரியே உண்டாகிவிடும். எனக்கு இந்த ஊரில் இன்று உறவு என்று இருப்பவர்களில் பாதிப்பேர் அப்படிக் காய் நறுக்கும்போது கிடைத்தவர்கள்.

இது சும்மா வந்த பழக்கம் இல்லை. 1860 முதல் 1911 வரை சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பலர் ஊரையும் உறவையும் விட்டு வந்தவர்கள், ஒரு நல்லது கெட்டதுக்குப் பக்கத்து அறைக்காரர்தான் கை கொடுக்க வேண்டும். பிறகு 1950இல் இன வாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் சட்டம் வந்து, கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து குடும்பங்களை வேரோடு பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் விட்டது. முன்பின் தெரியாத அண்டை வீட்டார் மறுபடி ஒரு ஊராக ஆனது கோயில் கூழிலும், கல்யாணப் பானையிலும், சாவு வீட்டுக்கு அவரவர் சமைத்துக் கொண்டுவந்த சாப்பாட்டிலும்தான். இன்றும் கருமாதி வரைக்கும் துணை நிற்பார்கள்.

அதனால் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்றால், நாலைந்து பேரை மட்டும் ஒன்பது மணிக்கே வரச்சொல்லுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒருவராவது அதில் இருக்கட்டும். பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடம், "நீங்கள் வந்து உங்கள் கைப்பக்குவத்தில் பீன்ஸ் கறி வைத்துக்காட்ட வேண்டும்" என்று கேளுங்கள். மனசார வருவார். உங்கள் மதுரை நண்பரை அவருக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பிற்பாடு வருகிறவர்களை இந்த நாலைந்து பேரே வரவேற்று உள்ளே இழுத்துக்கொள்வார்கள். நீங்கள் ஓடியாட வேண்டியதில்லை.

நம் ஆட்களிடம் மட்டும் முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். இங்கத்து பிரியாணியில் மசூர் பருப்பு கிடக்கும், கூடவே தால் ஊற்றுவார்கள். "இது பிரியாணியே இல்லை" என்று ஒருவர் சத்தமாகச் சொல்லி, ஆக்கிவந்த அம்மாள் அதன்பிறகு வாயே திறக்காமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, "தமிழர்தானே, தமிழ் தெரியாதா?" என்ற கேள்வி. பள்ளிக்கூடமும் வேலையும் ஆங்கிலமாகிப் போனதால், உள்ளூர்த் தமிழர்களிடம் தாத்தா பாட்டி காலத்தோடு பேச்சுத் தமிழ் குறைந்துவிட்டது. ஆனால் தைப்பூசக் காவடியும், ஆடியில் மாரியம்மனுக்குக் கூழும், புனித வெள்ளிக்கு மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலில் கூடுகிற கூட்டமும் அவர்கள் காப்பாற்றி வைத்தவை. நம்மில் எத்தனை பேர் இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அப்படிச் செய்வோம்? அவர்கள் இருக்கும்போது எல்லாரும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள். நாம் நாலு பேர் தமிழுக்குத் தாவினால் பத்து நிமிடத்தில் அவர்கள் போனை எடுத்துவிடுவார்கள்.

பேர் பின்னால் இருக்கும் பிள்ளை, கவுண்டரை வைத்து சாதி கேட்கவே கூடாது. "உங்கள் ஆட்கள் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். டொங்காட் கரும்புத் தோட்டம், சாட்ஸ்வொர்த்தில் இத்தனையாம் யூனிட் (குடியிருப்புப் பகுதி) என்று கதை தானாக நீளும். பெரியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் அங்கிள், ஆண்ட்டி என்றே கூப்பிடுங்கள். சூலுப் பெரியவர் வந்தால் சவுபோனா பாபா (வணக்கம் ஐயா) என்று நீங்களே வாசலில் கும்பிட்டு அழைத்துவாருங்கள்.

இனி செப்டம்பர் 24. நாடே அன்று கறி சுடும். ஆனால் அது புரட்டாசி. உள்ளூர்த் தமிழ்க் குடும்பங்கள் பல அந்த மாதம் முழுக்கக் கவுச்சி தொடாது. கறி சுட்ட கம்பியில் காய் சுட்டுக் கொடுத்தாலும் சாப்பிட மாட்டார்கள், அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். அன்றைக்கு முழுச் சைவமாகவே வையுங்கள். ஹலால் கேள்வியும் அதோடு தீர்ந்தது. நெருப்பில் மக்காச்சோளக் கதிர் வாட்டுங்கள், டர்பன் தெருவில் அதைத் தின்று வளராதவர் கிடையாது. யாரும் குறை நினைக்க மாட்டார்கள். உங்கள் ஆபீஸ் நண்பர்களில் ஒருவரிடம் நெருப்பை ஒப்படைத்துவிடுங்கள், கதிர் வேண்டும் என்பவர்கள் எல்லாரும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

மதியக் கூட்டமாகவே வைத்து, இருட்டுவதற்குள் எல்லாரும் வீடு சேரும்படி முடியுங்கள். தனியாகக் கார் ஓட்டிப் போகிறவர்களைக் கேட் வரை போய் அனுப்பி, போய்ச் சேர்ந்ததும் வாட்ஸாப்பில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். ஆண்ட்டியிடம் பீன்ஸ் கறி விஷயத்தை இந்த வாரமே கேட்டுவிடுங்கள், புரட்டாசியில் அவர் வீட்டிலும் சனிக்கிழமை பூஜை இருக்கும், அந்த வேலைக்கு நீங்கள் இருவரும் போய் நின்றால் இன்னும் நல்லது.