கொழும்புக்கு வரும் தங்கச்சிக்கு

கணவருக்குக் கொழும்பில் வேலை, ஆறு வயது மகளோடு கோவையிலிருந்து வருகிறோம், ஆங்கிலம் மட்டும் போதுமா, அங்குள்ள தமிழர்கள் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள், தங்கச்சி. நான் திருநெல்வேலிக்காரி, கல்யாணமாகிக் கொழும்பின் வெள்ளவத்தைப் பகுதிக்கு வந்தவள்.

வங்கி, தனியார் மருத்துவமனை, கணவரின் அலுவலகம் எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் போதும். வெள்ளவத்தையில் அதுவும் வேண்டாம். காலி வீதியில் மரக்கறிக் கடை முதல் நகைக்கடை வரை தமிழில் நடக்கும். கொட்டாஞ்சேனையும் செட்டியார் தெருவும் அப்படியே. மருதானைப் பக்கம் முஸ்லிம் வீடுகள் பலவற்றிலும் தமிழ்தான் பேச்சு. கொம்பனித்தெருவில் மலாய் பேசும் குடும்பங்களும் உண்டு.

ஆனாலும் சிங்களம் படியுங்கள். பஸ் நடத்துநர், குழாய் பழுதுபார்க்க வருபவர், அரச மருத்துவமனைத் தாதி, பொலிஸ் நிலையம் என்று அன்றாடம் பார்க்கிற பலரிடம் ஆங்கிலம் அரைகுறையாகத்தான் எடுபடும். முதலில் எண்களைப் பழகுங்கள். ‘கீயத?’ என்று விலை கேட்பது எளிது. வருகிற பதில் புரிய வேண்டுமே!

1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்ததும், அதன்பின் இந்த நாடு பட்ட பாடும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியானது, ஆங்கிலம் இணைப்பு மொழியானது. கொழும்பிலும் அரச அலுவலகங்களோடு தமிழில் எழுதித் தொடர்புகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. நடைமுறையில் சிங்களத்தில் மட்டும் கடிதம் வருவதும் உண்டு. எனக்கு வந்த ஒன்றை மாடிவீட்டுச் சிங்கள அம்மா வரிக்கு வரி படித்துச் சொன்னார். பதிலைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். நீங்களும் தயங்காதீர்கள்.

எனக்குக் கவலை வீட்டு மொழி பற்றித்தான். பிள்ளை சர்வதேசப் பாடசாலையில் லண்டன் பாடத்திட்டத்தில் சேர்ந்ததும், தாயும் தகப்பனும் வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் அம்மம்மா கேட்பது பேத்திக்குப் புரிகிறது. பதில் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. கோவிலில் தேவாரப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டத் தெரியாமல் பக்கத்திலிருப்பவரின் வாயைப் பார்த்து முணுமுணுக்கும் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஆங்கிலத்தைப் பாடசாலை தந்துவிடும். வெளியில் சிங்களம் தானே காதில் விழும். தமிழைத் தர வீட்டை விட்டால் வேறு இடமில்லை. உணவு மேசையில் அதைக் கைவிடாதீர்கள்.

அரச பாடசாலைகளில் தமிழ்மொழிமூலம் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிங்களம் இரண்டாம் மொழியாக வரும். விசாவில் வருபவர்கள் பெரும்பாலும் சர்வதேசப் பாடசாலையைத்தான் நாடுகிறார்கள். அப்படியானால் பணம் கட்டுமுன் தமிழ் ஒரு பாடமாக உண்டா, வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்று கேளுங்கள். இல்லையென்றால் வெள்ளவத்தையில் வீட்டுக்கு வந்து தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். வீடு எந்தப் பக்கம் அமைகிறது என்று எழுதுங்கள், விசாரித்து வைக்கிறேன்.