போரைப் பார்க்காத பிள்ளை ஏன் நடுங்குகிறாள்?

கேள்வி: என் வகுப்பில், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வருகிறாள். பக்கத்துக் கல்குவாரியில் வெடி வைக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் ஒடுங்கிவிடுகிறாள். இங்கேயே பிறந்தவள். அவளுடைய மாமா போரில் காணாமல் போனவராம். வீட்டுக் கதையைக் கட்டுரையாக எழுதச் சொன்னால் மனபாரம் குறையுமா?
– ஆசிரியை ஒருவர், ஊத்தங்கரை

பதில்: எழுதச் சொல்லாதீர்கள். அவள் ஷெல் சத்தத்தைக் கேட்டதில்லை. அதைக் கேட்டவர்களின் முகத்தைப் பார்த்து வளர்ந்தவள். 1983 தொடங்கிப் பல அலைகளாக வந்த குடும்பங்களில், 2009 மே மாதம் போர் முடிந்த பின்னும், கதவு தட்டினால் திடுக்கிடுவதும், காக்கிச் சட்டையைக் கண்டதும் பேச்சை நிறுத்துவதும், பிள்ளை திரும்பும்வரை வாசலிலேயே நிற்பதும் பலருக்கு விட்டுப்போகவில்லை. ஆபத்தில் உயிரைக் காத்த அதே விழிப்பு, ஆபத்து நீங்கியும் உடம்பில் தங்கிவிடுகிறது. பிள்ளைகள் அதைச் சொல்லித்தராமலே கற்றுக்கொள்கிறார்கள். போர்க் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே சிதைக்கிறது என்று எழுதியிருக்கிறார்.

நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்துவது, கேட்பவருக்குத்தான் நிறைவு தரும். சொல்பவருக்குப் பல நேரம் காயத்தைக் கிளறுவதாகவே முடியும். அவளாகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது மிக எளிது. குவாரியில் எந்த நேரத்தில் வெடி வைக்கிறார்கள் என்று விசாரித்து, முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள். எதிர்பார்த்து வரும் சத்தம் பாதி அச்சத்தைக் குறைக்கும். பெஞ்சுக்கு அடியில் போனால் இழுக்காமல், சிரிக்கும் மாணவர்களை அடக்கிவிட்டு, பக்கத்தில் அமர்ந்து, “குவாரி வெடிதான், நாம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம்” என்று மெதுவாகச் சொல்லுங்கள். (2021இல் தமிழக அரசே ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றிவிட்டது, பள்ளி வாசலில் மட்டும் ‘அகதி’ என்ற பழைய சொல் போகவில்லை. அதையும் கண்டியுங்கள்.)

தூக்கமின்மையும் பயமும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, வீட்டில் குடி மிகுந்தாலோ, மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்.

மாமாவைப் பற்றி ஒன்று. காணாமல் போனவருக்கு அந்த வீட்டில் திதி கொடுப்பதா, இன்னும் காத்திருப்பதா என்பதை அவருடைய தாய்தான் முடிவு செய்ய வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அம்மம்மா வந்தால், மகனின் பெயரைக் கேட்டு, “இருந்தார்” என்று சொல்லாமல், அவர் பேசும் விதத்திலேயே பேசுங்கள்.