காட்டுப் பயணத்துக்கு முந்தைய நாள் கடைவீதியில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நானும் என் நண்பனும் மழைக்காட்டுக்குள் ஒரு வார நடைப்பயணம் போகிறோம். உள்ளே நுழைவதற்கு முந்தைய நாள் முழுவதும் பக்கத்திலுள்ள நகரத்தில் இருப்போம். "எதற்கு வீட்டிலிருந்தே சுமக்கணும், எல்லாத்தையும் அங்கேயே வாங்கிக்கலாம்" என்கிறான் அவன். ஒரு நாள் போதுமா?

பதில்: பெரும்பாலான பொருட்களுக்குப் போதும். ஆனால் பூட்ஸை அந்த நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். புது பூட்ஸ் காலுக்குப் பழக நாளாகும். கால் நனைந்தபடி நடக்கும் காட்டில், பழகாத பூட்ஸ் முதல் நாளே குதிகாலில் கொப்புளம் போட்டுவிடும். அதற்காகப் பல வருடம் பரணில் கிடந்த பழைய ஜோடியை நம்பி எடுத்துப் போவதும் ஆபத்துதான். பார்க்கப் புதிது போல இருக்கும். ஆனால் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த அடிப்பாகம், போடாமல் வைத்திருந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தால் மெல்லச் சிதையும். நடக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அப்படியே கழன்று வந்துவிடும். அடிப்பாகத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரிசல் விட்டாலோ, பொடி உதிர்ந்தாலோ அந்த ஜோடி வேண்டாம்.

மருந்து விஷயமும் அப்படித்தான். மலேரியா உள்ள பகுதி என்றால் தடுப்பு மாத்திரைகளில் சிலவற்றைக் காட்டுக்குள் போவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்க வேண்டும். மெஃப்ளோகுயின் என்றால் குறைந்தது 2 வாரம் முன்பே. டாக்ஸிசைக்ளின் எடுத்தால் வெளியே வந்த பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். எது உங்களுக்குச் சரி என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், மருந்துக்கடைக்காரர் அல்ல. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். (2016 முதல் அது ஆயுள் முழுவதற்கும் செல்லும்.) நீங்கள் போகும் நாடு அதைக் கேட்குமானால், முந்தைய நாள் ஊசி போட்டுப் பயனில்லை.

மற்றதையெல்லாம் நகரத்தில் வாங்கலாம், ஆனால் வரிசை முக்கியம். சோதித்துப் பார்க்க வேண்டிய பொருட்களைக் கடை திறந்ததும் வாங்குங்கள்: விளக்கு, நீர் வடிகட்டி, மழைக்கோட்டு, நீர்ப்புகாப் பை. மதியம் அறைக்குப் போய் ஒவ்வொன்றையும் பயன்படுத்திப் பாருங்கள். விளக்கை எரியவிடுங்கள், வடிகட்டியில் தண்ணீர் ஊற்றுங்கள், பைக்குள் ஒரு துண்டுக் காகிதத்தைப் போட்டு மூடி வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். கெட்டது ஏதாவது இருந்தால் மாலையில் மாற்றிவிடலாம். சோப்பு, தீப்பெட்டி, பிளாஸ்டர் எல்லாம் கடைசியில் வாங்கினால் போதும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சின்னச் சாமான்களில் பகலெல்லாம் கரைந்துவிடும், கடை மூடும் நேரத்தில் விளக்கை வாங்கிப் பிரிக்காமலே பையில் திணித்துக்கொண்டு கிளம்புவார்கள்.

கேள்வி: கொசு விரட்டியில் எதை வாங்குவது? ஒரு பாட்டிலில் டீட் என்ற வேதிப்பொருள் 20 சதவீதம், இன்னொன்றில் 50, மூன்றாவதில் "முழுக்க இயற்கை". கையில் மாட்டும் பட்டை, பாக்கெட்டில் வைக்கும் ஒலிக்கருவி என்று வேறு காட்டுகிறார்கள்.

பதில்: பாட்டிலின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் வேதிப்பொருளின் பெயரையும் சதவீதத்தையும் பாருங்கள். டீட்டின் சதவீதம் கூடினால் விரட்டும் வீரியம் கூடுவதில்லை, விரட்டும் நேரம்தான் நீள்கிறது. 50 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த நேரமும் சொல்லிக்கொள்ளும்படி கூடாது. அதனால் 90, 100 என்று எழுதியதற்கு அதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. டீட்டின் வாடை பிடிக்காதவர்களுக்குப் பிகாரிடின் 20 சதவீதம் நல்ல மாற்று. இன்னொரு வித்தியாசமும் உண்டு. டீட் சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும். கைக்கடிகாரக் கண்ணாடி, குளிர்கண்ணாடி, கேமராவின் பிடி எல்லாம் பிசுபிசுத்துக் கெடும். பிகாரிடின் அப்படிச் செய்யாது.

"இயற்கை" என்று எழுதியவற்றில் எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெயிலிருந்து எடுத்த பி.எம்.டி. என்ற பொருளுக்குச் சோதித்து நிரூபித்த பலன் உண்டு. ஆனால் அதே செடியின் பெயரில் சாதாரண வாசனை எண்ணெயும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். அது வேறு. லேபிளில் பி.எம்.டி. என்று இல்லாவிட்டால் எடுக்காதீர்கள்.

கைப்பட்டையும் ஒலிக்கருவியும் வேண்டவே வேண்டாம். பட்டை மணிக்கட்டைச் சுற்றிக் கொஞ்சம் காத்தாலும் கழுத்தையும் கணுக்காலையும் காக்காது. ஒலியைக் கேட்டுக் கொசு ஓடுவதாகச் சோதனைகளில் தெரியவில்லை. கொசுக்கடி என்பது வெறும் அரிப்போடு போகிற விஷயமல்ல. டெங்குவும் மலேரியாவும் அதன் வழியாக வருகின்றன என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வெயில் கிரீமும் விரட்டியும் ஒரே பாட்டிலில் கலந்து வருவதையும் தவிருங்கள். கிரீமை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும், விரட்டியை அவ்வளவு அடிக்கடி பூசத் தேவையில்லை. தனித்தனியாக வாங்கி, முதலில் கிரீம், அது ஊறியதும் மேலே விரட்டி.

துணியில் தெளிக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியின் 0.5 சதவீத ஸ்பிரே கிடைத்தால் கட்டாயம் வாங்குங்கள். உண்ணிக்கு எதிராக அது மிக நல்லது. தோலில் படக்கூடாது, துணியில் மட்டும்தான். அன்று மதியமே காற்றோட்டமான இடத்தில் தெளித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மடித்து வையுங்கள். ஈரமாக இருக்கும்போது பூனைக்குக் கடும் விஷம், மீனுக்கும் அப்படியே. தங்கும் இடத்தில் பூனை உலாவினால் கவனம்.

கேள்வி: ரெயின்கோட்டில் "வாட்டர்ப்ரூஃப் 10,000" என்று போட்டிருக்கிறது. அது என்ன கணக்கு? நம்பலாமா?

பதில்: அது மில்லிமீட்டர் கணக்கு. துணிமேல் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் கசியத் தொடங்கும் என்று பொருள். 10,000 நல்ல மழைக்குத் தாங்கும். ஆனால் கோட்டு ஒழுகுவது பெரும்பாலும் துணியில் அல்ல, தையலில். கடையிலேயே கோட்டை உள்பக்கம் திருப்புங்கள். தோள், அக்குள், தொப்பி சேரும் இடம், இந்த மூன்றிலும் தையல்மேல் வழவழப்பான நாடா ஒட்டியிருக்க வேண்டும். நகத்தால் ஓரத்தை லேசாக நெம்பிப் பாருங்கள். இப்போதே தூக்கிக்கொண்டு வந்தால் காட்டில் இரண்டு நாள்கூடத் தாங்காது.

அதைவிட முக்கியமானது ஒன்று. வெப்பமான காட்டில் கோட்டு மழையைத் தடுத்தாலும் உள்ளே வியர்வையிலேயே நனைந்துவிடுவீர்கள். அதனால் நடக்கும்போது பைக்கும் சேர்த்து மேலே போட்டுக்கொள்ளும் பாஞ்சோவைத்தான் நான் சொல்வேன். காற்று உள்ளே போய் வரும், விலையும் குறைவு. மிச்சமாகும் பணத்தை நீர்ப்புகாப் பைக்குச் செலவழியுங்கள். இரவு மாற்றிக்கொள்ள ஒரு செட் காய்ந்த துணி இருந்தால் பகல் முழுக்க நனைந்தது பெரிதாகத் தெரியாது.

ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது. அப்புறம், காட்டுக்குப் போகிறோம் என்று ராணுவப் புள்ளி போட்ட உடையை ஆசையாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பார்படோஸ், ஜமைக்கா போன்ற நாடுகளில் பொதுமக்கள் அதை அணிவது சட்டவிரோதம். வெளிர் பழுப்போ, வெளிர் பச்சையோ எடுத்தால் எங்கும் பிரச்சினை இல்லை, உடையில் ஏறும் உண்ணியும் அட்டையும் சட்டென்று கண்ணில் படும். அட்டை உள்ள காடு என்றால் நெருக்கமாக நெய்த, முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை ஆளுக்கு ஒரு ஜோடி அவசியம். சாதாரண காலுறையின் நெசவு இடைவெளியில் அட்டை புகுந்துவிடும்.

கேள்வி: நீர் வடிகட்டி வாங்கினால் சுத்திகரிப்பு மாத்திரை வேண்டாம் என்கிறாள் தோழி. சரியா?

பதில்: முழுக்கச் சரியில்லை. துளை அளவு 0.1 அல்லது 0.2 மைக்ரான் என்று எழுதிய வடிகட்டி பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் பிடித்துவிடும். வைரஸ் அதைவிட மிகச் சிறியது, நழுவிப் போய்விடும். மாத்திரை வைரஸைக் கொல்லும், ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு லேசில் அசையாது. குளோரின் டையாக்சைடு மாத்திரைக்குக்கூட அதைக் கொல்ல 4 மணி நேரம் வேண்டும். அதனால் முதலில் வடிகட்டி, பிறகு மாத்திரை என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே நல்லது. அடுப்பு இருந்தால் தண்ணீரைத் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்கவிட்டாலே போதும். 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் சிலது எடுங்கள், ஒன்றை எத்தனை மில்லி தண்ணீரில் கரைப்பது என்று உறையில் இருக்கும். தண்ணீரைக் குறைத்துக் கரைத்தால் நன்மைக்குப் பதில் கெடுதல்.

கேள்வி: 50,000 எம்.ஏ.எச். கொள்ளளவுள்ள பவர் பேங்க் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த எண் பொய். உள்ளே இருக்கும் உருளை வடிவ லித்தியம் செல் ஒன்று ஏறக்குறைய 45 கிராம், அதில் அடங்குவது 2,500 முதல் 3,500 எம்.ஏ.எச். வரை. 20,000 உண்மையிலேயே இருந்தால் 6 செல்லாவது வேண்டும், செல்லின் எடை மட்டுமே கால் கிலோவைத் தாண்டும். கையில் தூக்கிப் பாருங்கள், எடை இல்லாவிட்டால் மின்சாரமும் இல்லை. ஒருவேளை 50,000 உண்மை என்றாலும் விமானத்தில் மாட்டிக்கொள்வீர்கள். எம்.ஏ.எச். எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வாட்-மணி வரும். பொதுவாக அனுமதியின்றி எடுத்துப்போக 100 வாட்-மணிதான் வரம்பு. 20,000 என்றால் 74, தாராளமாகப் போகலாம். 50,000 என்றால் 185, விடமாட்டார்கள். கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக்கூடாது.

தலைவிளக்கிலும் இதே மாதிரி எண் விளையாட்டு உண்டு. "40 மணி நேரம் எரியும்" என்றால் 40 மணி நேரமும் ஒரே வெளிச்சம் என்று நினைத்துவிடுகிறோம். தர அளவீட்டில், வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் 10 சதவீதமாகக் குறையும் வரை எடுக்கும் நேரத்தைத்தான் அப்படிக் குறிப்பார்கள். லூமன் (வெளிச்ச அளவு) எண்ணிக்கையைத் துரத்தாமல் சிவப்பு ஒளி இருக்கிறதா, ஐ.பி.எக்ஸ்.7 போன்ற நீர்த்தடை மதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். 4 என்றால் தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும்தான்.

கேள்வி: கூடாரத்தையும் கொசுவலையையும் வாடகைக்கு எடுக்கலாம் என்று நினைக்கிறோம். பிணையாக பாஸ்போர்ட்டைக் கேட்கிறார்கள். செலவை இருவரும் எப்படிப் பிரிப்பது?

பதில்: பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். அது இல்லாமல் உங்களால் ஊர் திரும்ப முடியாது. திரும்பி வரும்போது "இங்கே கிழிந்திருக்கிறது" என்று அவர்கள் சொன்னால் பேரம் பேசக்கூட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. நகல் தருகிறேன், பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த கடையைப் பாருங்கள். பணம் கொடுத்தால் ரசீதில் தொகை, திருப்பித் தரும் நாள், எது சேதம் என்று கணக்கு, மூன்றும் எழுதியிருக்க வேண்டும்.

கூடாரத்தைக் கடை முன்னாலேயே விரித்துப் பாருங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஒருவர் உள்ளே போய் ஜிப்பைத் தலையிலிருந்து கால் வரை இழுக்கட்டும், மற்றவர் வெளியே கம்பிகளையும் முளைகளையும் எண்ணட்டும். வலையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் ஓட்டை தெரியும். இருக்கிற கிழிசலை எல்லாம் கடைக்காரரை வைத்துக்கொண்டே படம் எடுத்துவிடுங்கள்.

செலவுக்கு வருவோம். கூடாரம், வடிகட்டி, அடுப்பு, முதலுதவிப் பெட்டி எல்லாம் இருவருக்கும் ஒன்று போதும். விளக்கு, கத்தி, விசில், சுத்திகரிப்பு மாத்திரை அட்டை ஆளுக்கு ஒன்று. பாதையில் பிரிய நேர்ந்தால் ஒருவர் கையில் ஒன்றும் இல்லாமல் போகக்கூடாது. வாங்கும் பொதுப்பொருளை ஆளுக்குப் பாதி போட்டு வாங்காமல், ஒன்றை ஒருவர், இன்னொன்றை மற்றவர் என்று முழுவதுமாக வாங்குங்கள். வாரண்டி பெரும்பாலும் பில்லில் இருக்கும் பெயருக்குத்தான் கிடைக்கும். பயணம் முடிந்து யார் வீட்டுக்கு எது போகிறது என்ற பேச்சும் வராது.

கேள்வி: பாம்புக்கடி விஷத்தை உறிஞ்சும் கருவி வாங்கலாமா?

பதில்: கூடாது. அது விஷத்தை எடுக்காது, கடிபட்ட இடத்துச் சதையைக் கெடுக்கும், மருத்துவமனைக்குப் போகும் நேரத்தைத் தின்றுவிடும். அந்தப் பணத்தில் பக்கத்து மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டு, விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேட்டு, எண்ணை இருவரும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் போன் அணைந்துவிடும்.

கேள்வி: பிரிக்காத பொருட்களைத் திரும்பி வரும்போது கடையில் கொடுத்துப் பணம் வாங்கலாமா?

பதில்: குறையுள்ள பொருளுக்குத்தான் பொதுவாகச் சட்டம் துணை நிற்கும். "தேவைப்படவில்லை" என்று திருப்புவது பல நாடுகளில் கடைக்காரரின் விருப்பம். ஐரோப்பிய ஒன்றியத்தில் மனம் மாறினால் திருப்பக் கிடைக்கும் 14 நாள் இணையம் போல் கடைக்கு வெளியே வாங்கியதற்குத்தான், கடையில் நேரில் வாங்கியதற்கு அல்ல. அதனால் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள், சரி என்றால் எத்தனை நாளுக்குள் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பில்லை உடனே படம் எடுத்துவிடுங்கள், வெப்பத்தாளில் அச்சடித்த எழுத்து வியர்வையிலும் வெயிலிலும் சீக்கிரம் மங்கிவிடும். மருந்துகளை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதை மட்டும் தேவைக்கு அளந்து வாங்குங்கள்.