தவில் அடிக்கு அடி நாதஸ்வரம் அமுங்குதா?

மதுரை நையாண்டி மேள மிக்ஸ்ல லிமிட்டர் (சத்தம் ஒரு அளவைத் தாண்டாம பிடிக்கிற கருவி) போட்டதும் நாதஸ்வரம் அமுங்குதுன்னு கேட்டிருந்தீங்க. அது சத்தத்தை இறக்குற அளவு, அதாவது கெயின் ரிடக்‌ஷன் 8 டிபி (டெசிபல்) ஓடுதுன்னா எந்த பிளகின் வாங்கினாலும் இதேதான். லிமிட்டர் மொத்த மிக்ஸையும் சேர்த்தே இறக்கும். தவில் உச்சிக்காக நாதஸ்வரமும் இறங்குது.

எல்லா டிராக்கும் சேர்ற மாஸ்டரை விடுங்க, தவில் டிராக்குக்குப் போங்க. அங்க சாஃப்ட் கிளிப்பர் (உச்சியை மட்டும் மழுக்குறது) போட்டு, வலந்தலை (தவிலோட உயர்ந்த ஒலி தர்ற பக்கம்) அடியோட உச்சியை 3 டிபி சீவுங்க. அந்தக் கூர்மை சில மில்லிசெகண்டுதான், காது கண்டுக்காது. தாழ்ந்த ஒலி தர்ற மறுபக்கமான தொப்பிக்குத் தனி மைக் வச்சிருந்தா அதுல கிளிப்பர் வேண்டாம். தாழ்ந்த ஒலி சீக்கிரம் கரகரக்கும்.

இப்ப மாஸ்டர்ல லிமிட்டர் முன்னைவிடக் கம்மியா இறக்கினாலே சத்தம் நல்லா நிக்கும். ட்ரூ பீக் (சாம்பிளுக்கு நடுவுல வர்ற உச்சியையும் பிடிக்கிற வசதி) ஆன், சீலிங் (தாண்டக்கூடாத உச்சவரம்பு) -1 டிபி. ரிலீஸ் (இறக்கின சத்தம் பழையபடி ஏற எடுக்கிற நேரம்) 100 மில்லிசெகண்டுல தொடங்குங்க. ரொம்பக் குறைச்சா நாதஸ்வரத்தோட நீண்ட கார்வை பிசிறடிக்கும். லிமிட்டர் இல்லாத மிக்ஸையும் அதே சத்தத்துக்குக் கொண்டுவந்து மாத்தி மாத்திக் கேளுங்க, அப்பதான் நிஜம் தெரியும்.