வந்த சொல் போனால் காத்திருக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 4 வயது, ஆட்டிசம். படத்தைத் தொட்டால் பேசும் செயலியை டேப்லெட்டில் போடச் சொல்கிறார் தெரபிஸ்ட். அதற்குப் பழகிவிட்டால் வாயே திறக்க மாட்டானோ? யூடியூபில் பார்த்துக் கோதுமையை நிறுத்திவிட்டு, ஒமேகா கேப்சூல் கொடுக்கிறேன். முன்பு சொன்ன ‘தண்ணி’, ‘மாமா’ கூட 2 மாதமாக இல்லை. அவ்வப்போது வெறித்துப் பார்க்கிறான்.
- வாசகி, குடியாத்தம்

பதில்: செயலி அவன் பேச்சைத் தடுக்காது, அம்மா. ஆய்வுகள் சொல்வதும் அதுதான்; சில பிள்ளைகளுக்கு அதுவே பேச்சை இழுத்துவருகிறது. சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ தமிழிலேயே பேசும். ஆனால் டேப்லெட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போனால் பயனில்லை. சோறு போடும்போது நீங்களே ‘சோறு’ படத்தைத் தொட்டு, வாயாலும் சொல்லுங்கள். அவன் கையைப் பிடித்து அழுத்த வைக்காதீர்கள். ‘வேண்டும்’ மட்டும் வைத்தால் போதாது, ‘வேண்டாம்’, ‘போதும்’ இரண்டும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். என்னிடம் வரும் ஒரு பையன், சத்தம் கூடினால் கையைக் கடித்துக்கொள்வான். ஒரு நாள் ‘போதும்’ படத்தை மூன்று தடவை அழுத்திவிட்டு வாசலைப் பார்த்தான். அவன் அம்மா உடனே வெளியே கூட்டிப் போனார். அன்று அவன் கையில் பல் படவில்லை.

ஒமேகாவும் கோதுமை நிறுத்துவதும் ஆட்டிசத்தை மாற்றாது. யூடியூபைப் பார்த்துவிட்டு, வளரும் பிள்ளையின் தட்டில் கை வைக்காதீர்கள்.

போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, என் கவலை அதில்தான். ஒன்றரை, இரண்டு வயதில் சொற்கள் மறைவது ஆட்டிசத்தில் உண்டு. 4 வயதில் சொல் மறைந்து, வெறிப்பும் சேர்ந்தால் வலிப்பு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கை கால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்றில்லை. ‘அவன் அப்படித்தான், அவன் உலகத்தில் இருக்கிறான்’ என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

அடுத்த தடவை வெறிக்கும்போது தோளைத் தொட்டுக் கூப்பிடுங்கள். திரும்பினானா, இமை துடித்ததா, வாய் சப்புக்கொட்டியதா என்று போனில் வீடியோ எடுங்கள். 20 விநாடி வீடியோ போதும், டாக்டருக்கு அது பெரிய உதவி. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே வேலூர் சி.எம்.சி.யிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனையை, தூக்கத்தையும் சேர்த்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள். காது கேட்கும் திறனையும் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் வலிப்பு வந்து 5 நிமிடம் தாண்டினால், எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்கே உடனே ஓடுங்கள்.

தலையில் ஒயர் ஒட்டும் படத்தை முந்தின நாளே டேப்லெட்டில் அவனுக்குக் காட்டிவிடுங்கள். மிரட்சி குறையும்.