நந்தியாவட்டைச் செடியில் பாம்பு மாதிரி நீலக் கண்ணோடு ஒரு பச்சைப் புழு. என்ன பூச்சி இது, மருந்து அடிக்க வேண்டுமா?

தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள். பின்பக்கம் மஞ்சளாக ஒரு சின்னக் கொம்பும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது ஓலியாண்டர் ஹாக் மாத் என்கிற அந்துப்பூச்சியின் புழு. அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நெரி. கடிக்காது, கொட்டாது. முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி பட்டு அரித்த அனுபவத்தில் எல்லாப் புழுவுக்கும் நாம் பயப்படுகிறோம், இதற்கு உடம்பில் முடியே கிடையாது.

எங்கள் அபார்ட்மென்ட் வாசலிலும் நந்தியாவட்டைதான். பூஜைக்குப் பூப் பறிக்கப் போன மாமியார், "ஏம்மா, செடியில பாம்புக்குட்டி, சீக்கிரம் வா" என்று கூப்பிட்டார். நான் முதலில் பார்த்தது தரையைத்தான். மிளகை விடப் பெரிதாக, வரி வரியாகக் கரும்பச்சை உருண்டைகள், அதாவது புழுவின் எச்சம். அதற்கு நேர் மேலே இருந்த கிளையில் நுனி இலைகள் காலி. காம்போடு ஒட்டிக்கொண்டு ஆள் விரல் நீளத்துக்கு இருந்தது. குச்சியால் லேசாகத் தொட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முன்பக்கத்தை உப்பியது, அப்போதுதான் அந்த நீலக் கண்கள் முழுசாக விரிந்தன. அவை நிஜக் கண்ணே இல்லை, பறவைகளை மிரட்ட முதுகில் இருக்கும் புள்ளிகள். உண்மையான தலை அதற்கும் முன்னால் சின்னதாக இருக்கும்.

பூச்சியை அடையாளம் கேட்டுச் செயலியில் போட்டோ போடுபவர்கள் எந்தச் செடியில் இருந்தது என்பதையும் கண்டிப்பாக எழுதுங்கள், பாதி விடை அதில்தான். இந்தப் புழு பெரும்பாலும் அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி என்று அந்தக் குடும்பத்துச் செடிகளைத்தான் தின்னும். அரளி விஷம் இதை ஒன்றும் செய்வதில்லை.

நான் பூச்சியியல் படித்தவள் இல்லை. பூ விற்பனைக்காக நந்தியாவட்டை பயிர் செய்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் கணக்கு வேறு. வீட்டுச் செடி நாலு இலை போனால் திரும்பத் துளிர்க்கும். ஆனால் எங்கள் சங்கத்தில் மறுநாளே மருந்து அடிக்க ஆள் வந்துவிட்டார். கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள், அடிக்கக் கூடாது என்று செடி முன்னால் நின்று அவரைத் திருப்பி அனுப்பினேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

ஒரு புழுவை இலையோடு டப்பாவில் வைத்து வளர்த்தேன். சாப்பிடுவதை நிறுத்தி, பச்சை போய்ப் பழுப்பாகி, சருகுக்கு அடியில் புகுந்து கூட்டுப்புழுவானது. அப்புறம் சில வாரத்தில் வெளியே வந்த பூச்சியின் இறக்கையில் கரும்பச்சை, வெள்ளை, லேசான ரோஸ் எல்லாம் கலந்து பளிங்குக் கல் மாதிரி அலை அலையாக ஓடியது. அவ்வளவு அழகு!

உங்கள் புழுவும் பழுப்பாகித் தரையில் இறங்கி அலையும். நோய் வந்துவிட்டது என்று நினைத்துப் பலர் மிதித்துவிடுவது அப்போதுதான். ஒரு அட்டையில் ஏறவிட்டு, சருகு கிடக்கும் மண் பக்கம் கொண்டுபோய் விடுங்கள்.